பாதத்துக்கு ஒரு தேர்வு

(மாவட்ட அளவிலான ஆசிரியர் பணியிடைப் பயிற்சியின் நிறைவு நாளில் பொது மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மதிய உணவுக்குப் பிறகு என்னைப் பேச அழைத்திருக்கிறீர்கள். சாப்பாட்டுக்குப் பின் வரும் முதல் பாடவேளை எவ்வளவு சிரமமானது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதனால் தலைப்பை விளக்குவதற்கு முன்னால் ஒருவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

அவர் ஒரு நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர். பெயரும் ஊரும் வேண்டாம். பதினோரு ஆண்டுகள் என்னிடம் சர்க்கரை நோய்க்கு வைத்தியம் பார்த்துக்கொண்டவர். பரிசோதனைச் சீட்டுகளைத் தேதி வாரியாகக் கோப்பில் அடுக்கி எடுத்து வருவார். பள்ளிப் பதிவேடுகளை எப்படி வைத்திருப்பார் என்று அதைப் பார்த்தாலே தெரியும். மற்ற நோயாளிகளிடம் "அந்த சாரைப் பாருங்கள்" என்று நானே சொல்லியிருக்கிறேன்.

ஒரு நாள் பிற்பகல், நான்காம் வகுப்புக்கு ஆசிரியர் வரவில்லை என்று இவரே பாடம் எடுக்கப் போயிருக்கிறார். கணக்கு நடத்திக்கொண்டு வரிசைகளுக்கு நடுவே நடந்தபோது ஒரு சிறுமி எழுந்து, "சார், நீங்க நடந்த இடமெல்லாம் செவப்பா இருக்கு சார்" என்றாளாம். குனிந்து பார்த்தால் தரையில் ரத்தச் சுவடு. சுவரில் சார்ட் ஒட்டுவதற்கு வைத்திருந்த பின் ஒன்று செருப்பின் அடியைத் துளைத்துக் காலுக்குள் ஏறியிருந்தது. எப்போது ஏறியது என்று அவருக்குத் தெரியவில்லை. காலை வணக்கக் கூட்டத்துக்கு முன்பாகக்கூட இருக்கலாம். அவ்வளவு நேரமும் அதன்மேல்தான் நடந்திருக்கிறார்.

பின்னைப் பிடுங்கிவிட்டு, துணியைச் சுற்றிக்கொண்டு, மறுநாளும் பள்ளிக்குப் போயிருக்கிறார். என்னிடம் வந்தது எட்டாவது நாள். பெருவிரல் கருத்துவிட்டிருந்தது. எடுக்க வேண்டியதாயிற்று.

"ஏன் சார் அன்னிக்கே வரல?" என்று கேட்டேன்.

"வலிச்சாத்தானே சார் டாக்டர்கிட்ட வரத் தோணும்?" என்றார்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்தப் பதினோரு ஆண்டுகளில் அவருடைய ரத்தத்தைப் பார்த்தேன், சிறுநீரைப் பார்த்தேன், கண் மருத்துவரிடம் அனுப்பினேன். ஒருமுறைகூட "செருப்பைக் கழற்றிவிட்டுப் படுங்கள்" என்று சொன்னதில்லை. "கால்ல மதமதப்பு, எரிச்சல் ஏதாவது இருக்கா?" என்று கேட்பேன். "அதெல்லாம் ஒண்ணும் இல்ல சார்" என்பார். நானும் அதையே சீட்டில் எழுதிக்கொள்வேன். விரலை எடுத்த பிறகு, காயமே இல்லாத மற்றொரு காலைச் சோதித்தேன். தொட்டுப் பார்த்த ஓரிடத்திலும் உணர்வு இல்லை. ஒரு மாதத்தில் போகிற உணர்வு அல்ல அது. நான் "இருக்கா?" என்று கேட்டு, அவர் "இல்ல" என்று சொல்லி வந்த ஆண்டுகளில்தான் கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருக்கிறது.

பின்னொரு நாள் அவர் சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னார்: "என் பாதத்தை மொதல்ல பார்த்தது அந்த நாலாம் வகுப்புப் பொண்ணுதான் சார்." நான் சிரிக்கவில்லை.

இனி உங்கள் வகுப்பறைக்கு வருவோம். பாடம் முடிந்ததும் "எல்லாருக்கும் புரிஞ்சுதா?" என்று கேட்கிறீர்கள். "புரிஞ்சுது சார்" என்று மொத்த வகுப்பும் சொல்கிறது. கடைசி வரிசைப் பையனும் சொல்கிறான். அவன் பொய் சொல்லவில்லை. தனக்கு எது புரியவில்லை என்பதே அவனுக்குத் தெரியாது. ஒரு கணக்கைக் கரும்பலகையில் எழுதி, "நீ வந்து போடு" என்று சுண்ணக்கட்டியைக் கையில் கொடுத்தால்தான் வெளியே வரும். உணர்வு இழந்த பாதமும் அந்தப் பையனைப் போலத்தான். கண் மங்கினால் எழுத்து தெரியவில்லை என்று உணர்கிறோம். காது மந்தமானால் மற்றவர்கள் சொல்லிவிடுவார்கள். பாதத்தில் உணர்வு குறைந்தால் தொந்தரவு குறைந்ததாகத்தான் தோன்றும். நீரிழிவால் கால் நரம்புகள் கெட்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் வரை எந்தத் தொந்தரவும் சொல்லாதவர்கள். அவர்களைக் கேள்வி கேட்டுக் கண்டுபிடிக்க முடியாது. தேர்வு வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு, இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்கு நீரிழிவு இருப்பதாகக் கணக்கிட்டது. வயது வந்தோரில் 11.4 சதவீதம். இந்த அரங்கில் எத்தனை பேர் என்று கை தூக்கச் சொல்லப் போவதில்லை. பயப்படாதீர்கள்.

ஏன் முதலில் பாதம்? நரம்பு செல் என்றால் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது என்று நினைப்போம். ஆனால் கால் பெருவிரலின் தொடு உணர்வைச் சுமந்து வரும் செல்லின் உடல் இடுப்புக்கு அருகே, முதுகெலும்பை ஒட்டி இருக்கிறது. அங்கிருந்து விரல் நுனிவரை ஓடும் இழை அந்த ஒரே செல்லினுடையது. நீளம் கிட்டத்தட்ட ஒரு மீட்டர். அவ்வளவு நீளத்துக்கும் உணவும் பழுதுபார்க்கும் பொருளும் அந்தச் செல்லிலிருந்தே போய்ச் சேர வேண்டும். கடைமடைக்குத் தண்ணீர் எப்படிப் போகும் என்று டெல்டாப் பகுதி ஆசிரியர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நீண்ட நாள் உயர்ந்த சர்க்கரை நரம்பையும், நரம்புக்கு ரத்தம் தரும் நுண்குழாய்களையும் சேர்த்துக் கெடுக்கிறது. மிக நீளமான இழையின் கடைசி நுனிதான் முதலில் பட்டுப்போகிறது. இரண்டு கால் விரல்களிலும் தொடங்கி, சாக்ஸ் போட்டது போல் மேலே ஏறும். முழங்கால் அளவுக்கு வரும்போது கைவிரல் நுனிகளிலும் ஆரம்பிக்கும். இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவில், கீழிருந்து மேலாக: இந்த வடிவத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இது மாறினால் வேறு நோயைத் தேட வேண்டும்.

சரி, தேர்வுக்கு வருவோம். வினாத்தாள் இதோ. (மேடையில் ஒரு சிறு கருவியைக் காட்டுகிறார்.) ஒரு பிளாஸ்டிக் கைப்பிடி, அதன் முனையில் மீன்பிடி நரம்பு போன்ற ஒரு நைலான் இழை. மோனோஃபிலமென்ட் என்று பெயர். இதைத் தோலின்மேல் செங்குத்தாக வைத்து, இழை வில்லாக வளையும்வரை அழுத்த வேண்டும். அவ்வளவுதான். பார்த்தால் விளையாட்டுச் சாமான் போல இருக்கிறது. இதில் உள்ள நுட்பத்தை இயற்பியல் ஆசிரியர்கள் ரசிப்பார்கள். மெல்லிய தூண் ஒன்றை மேலிருந்து அழுத்தினால், குறிப்பிட்ட விசை வரும்வரை நேராக நிற்கும். அந்த விசையில் வளைந்துவிடும். வளைந்த பிறகு நீங்கள் இன்னும் கொஞ்சம் அழுத்தினாலும் முனையில் உள்ள விசை பெரிதாகக் கூடாது. இழைதான் மேலும் வளையும். இந்த இழை 10 கிராம் எடைக்குச் சமமான விசையில் வளையுமாறு செய்யப்பட்டது. ஆகவே பரிசோதிப்பவர் பலசாலியா, பயிற்சி செவிலியரா, அவசரத்தில் இருப்பவரா என்பது கணக்கில் வராது. எல்லோர் கையிலும் அதே 10 கிராம்தான். விடைத்தாள் திருத்துகிறவர் மாறினாலும் மதிப்பெண் மாறாத வினாத்தாள் இருந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

இந்த இழைக்கு மூதாதை குதிரை முடி. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மாக்ஸ் ஃபான் ஃப்ரே என்ற ஜெர்மானிய உடலியல் அறிஞர் வெவ்வேறு தடிமனுள்ள முடிகளைக் குச்சியில் ஒட்டித் தொடு உணர்வை அளந்தார். முடி ஈரத்தில் தளரும், காய்ந்தால் விறைக்கும். பின்னர் அமெரிக்காவில் ஜோசஃபின் செம்ஸ், சிட்னி வைன்ஸ்டீன் ஆகிய இருவரும், மூளையில் காயம்பட்டவர்களின் உணர்வை அளப்பதற்காக நைலான் இழைகளைக் கொண்டுவந்தார்கள்.

அந்த இழை பாதத்துக்கு வந்த வழியில் நம் வேலூர் இருக்கிறது. பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். தொழுநோய் வந்தால் விரல்கள் தாமாகவே அழுகி உதிரும் என்று மருத்துவர்களே நம்பிய காலம். வேலூரிலும் பக்கத்துக் கரிகிரியிலும் அவரும் சக மருத்துவர்களும் நோயாளிகளை நாள் முழுக்கக் கவனித்துப் பார்த்தார்கள். ஒருவர் அடுப்பிலிருந்து சூடான பாத்திரத்தை வெறுங்கையால் எடுக்கிறார். ஒருவர் ஆணியின்மேல் நடக்கிறார். சிலருக்கு இரவில் தூங்கும்போது எலி கடித்திருக்கிறது. வலி தெரியாததால் விழிக்கவில்லை. வீட்டுக்குப் போகும் நோயாளிகளுக்குப் பூனையைக் கொடுத்து அனுப்பினார்கள் என்றால் நம்புவீர்களா? விரலைத் தின்றது நோய்க்கிருமி அல்ல, வலி தெரியாமையே என்று அவர்கள் நிறுவினார்கள். 1960-களின் நடுவில் பிராண்ட் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் கார்வில் என்ற ஊரில் இருந்த தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். அங்கே நீரிழிவு நோயாளிகளின் பாதங்களைப் பார்த்தபோது, வேலூரில் பார்த்த அதே பாதங்கள்! கார்வில் மருத்துவமனையைச் சேர்ந்த இருவர் 1986-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தொழுநோயாலோ நீரிழிவாலோ பாதத்தில் புண் வந்தவர்களுக்கு வெவ்வேறு தடிமனுள்ள இழைகளை வைத்துப் பார்த்தார்கள். அவர்களில் எவராலும் 10 கிராம் இழையை உணர முடியவில்லை. அந்த 10 கிராம்தான் இன்று உலகம் முழுக்க எல்லைக்கோடு. அதை உணர முடிந்தால் பாதத்துக்குக் காவல் இருக்கிறது. முடியாவிட்டால் காவல் போய்விட்டது.

இனி தேர்வு நடத்தும் முறை. இங்கேதான் உங்களுக்கு என்னைவிட அதிகம் தெரியும்.

நோயாளியைப் படுக்க வைத்து, சாக்ஸைக் கழற்றி, கண்ணை மூடச் சொல்ல வேண்டும். முதலில் அவர் கையில் இழையை வைத்து, "இப்படித்தான் இருக்கும்" என்று காட்ட வேண்டும். மாதிரி வினா கொடுக்காமல் தேர்வு வைக்கக் கூடாது அல்லவா? பிறகு ஒவ்வொரு பாதத்திலும் பெருவிரலின் அடிப்பக்கம், பெருவிரலுக்குக் கீழுள்ள மேட்டுப் பகுதி, சுண்டுவிரலுக்குக் கீழுள்ள மேட்டுப் பகுதி என மூன்று இடங்கள். காய்ப்பு, தழும்பு, புண் உள்ள இடத்தில் வைக்கக் கூடாது. காய்த்த தோலில் நல்ல நரம்பு உள்ளவருக்கும் தெரியாது. இழை வளைந்த நிலையில் இரண்டு விநாடி இருக்க வேண்டும். தோலில் இழுக்கக் கூடாது, குத்தக் கூடாது.

தொடும்போதெல்லாம் "தெரியுதா?" என்று கேட்டால் என்ன ஆகும்? நோயாளிகள் நல்லவர்கள். மருத்துவரைச் சந்தோஷப்படுத்த விரும்புவார்கள். கேள்வி வந்த உடனே "தெரியுது" என்பார்கள். விடையைக் கேள்விக்குள்ளேயே வைத்துவிட்டோம். ஆகவே ஒவ்வோர் இடத்திலும் மூன்று முறை கேட்க வேண்டும். இரண்டு முறை உண்மையாகவே தொட்டு, ஒருமுறை தொடாமலே. அந்தப் பொய்க் கேள்வி முதலில் வருமா, நடுவில் வருமா என்று அவரால் ஊகிக்க முடியக் கூடாது. உணர்ந்தேன் என்றால் எந்தக் கால் என்றும் கேட்க வேண்டும். மூன்றில் இரண்டு சரியென்றால் அந்த இடம் தேர்ச்சி. தாளம் போட்டது போல ஒரே இடைவெளியில் தொடவும் கூடாது. கண்ணை மூடச் சொன்னால் இமை இடுக்கில் எட்டிப் பார்ப்பவர்களும் உண்டு. என் அனுபவத்தில் அதில் முதலிடம் ஆசிரியர்களுக்குத்தான். வாழ்நாள் முழுக்கத் தேர்வறைக் கண்காணிப்பாளராக இருந்துவிட்டு, இங்கே வந்து இப்படிச் செய்யலாமா?

இழைக்கும் ஓய்வு வேண்டும். தொடர்ந்து வளைத்தால் நைலான் தளர்ந்து, 10 கிராமுக்கு முன்பாகவே வளையத் தொடங்கும். பத்துப் பேரைச் சோதித்த பிறகு ஒரு நாள் முழுக்க ஓய்வு கொடுக்கச் சொல்கிறார்கள். கூட்டம் அலைமோதும் முகாம்களில் இதை யாரும் கவனிப்பதில்லை. வளைந்தே போன இழையால் நூறு பேரைத் தொட்டுவிட்டு "நூறு பேருக்குப் பரிசோதனை" என்று எழுதுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

அடுத்தது உங்கள் ஆய்வகத்தில் உள்ள பொருள்: இசைக்கவை. ஒலியியல் பாடத்துக்கு நீங்கள் பயன்படுத்துவது பெரும்பாலும் 256 ஹெர்ட்ஸும் அதற்கு மேலும். நாங்கள் பயன்படுத்துவது 128 ஹெர்ட்ஸ். கனமாக, நீளமாக இருக்கும். தட்டிவிட்டால் அதிர்வு நெடுநேரம் நிற்கும். அதன் அடிப்பகுதியைப் பெருவிரலின் மேல்பக்க எலும்பில் வைத்து, அதிர்வு தெரிகிறதா என்று கேட்போம். இதிலும் ஒரு பொய்க் கேள்வி உண்டு. தட்டாமலே வைத்துப் பார்க்க வேண்டும். ஏதோ ஒன்று காலில் படுகிறது என்பதை அதிர்வு என்று சொல்லிவிடுவார்கள். பல மருத்துவமனைகளில் இதே வேலைக்குப் பயோதீசியோமீட்டர் என்ற மின்கருவி இருக்கிறது. விரலில் வைத்து அதிர்வைச் சிறிது சிறிதாகக் கூட்டுவார்கள். எந்த அளவில் உணர்ந்தீர்களோ அது வோல்ட்டில் வரும். 25 வோல்ட்டைத் தாண்டினால் புண் வரும் அபாயம் அதிகம் என்று பொருள். "கால்ல கரண்ட் வெப்பாங்களாமே" என்று பயந்து திரும்பிப் போனவர்கள் உண்டு. காலுக்கு மின்சாரம் வராது. வருவது அதிர்வு மட்டும்தான். வோல்ட் என்பது கருவிக்குள் இருக்கும் கணக்கு.

இந்த இரண்டும் தடித்த நரம்பு இழைகளுக்கான தேர்வுகள். வலியையும் சூடு, குளிர்ச்சியையும் சுமப்பவை மெல்லிய இழைகள். அவற்றுக்குக் குத்தூசி உணர்வும், குளிர்ந்த உலோகத்தை வைத்துப் பார்ப்பதும் தேவை. கணுக்காலில் சுத்தியலால் தட்டிப் பார்க்கும் அனிச்சைச் செயலும் இருக்கிறது. நைலான் இழையில் தேர்ச்சி பெற்றுவிட்டால் நரம்புகள் முழு நலம் என்று நினைத்துவிடாதீர்கள். அது ஆபத்துக்கான எல்லைக்கோடு மட்டுமே. ஆரம்ப நிலைப் பாதிப்பு அதில் தப்பிவிடும். அதனால்தான் இழையோடு இன்னொரு சோதனையையும் சேர்த்துச் செய்யச் சொல்கிறோம். மின்சாரம் செலுத்தி நரம்பின் வேகத்தை அளக்கும் பெரிய பரிசோதனை எல்லோருக்கும் தேவையில்லை. செலவும் அதிகம். மெல்லிய இழைகள் மட்டும் கெட்டிருந்தால் அதில் ஒன்றும் தெரியாது.

இங்கே ஒரு குழப்பத்தைச் சொல்ல வேண்டும். ஒரு ஆசிரியை வந்தார். ராத்திரியானால் இரண்டு உள்ளங்காலும் மிளகாய் அரைத்த கை மாதிரி எரிகிறது, போர்வை பட்டால்கூடத் தாங்கவில்லை என்றார். சோதித்தேன், இழை தெரியவில்லை, குத்தூசியும் தெரியவில்லை. "உணர்ச்சி இல்லைங்கிறீங்க. அப்போ எரியறது எப்படி டாக்டர்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. செத்துக்கொண்டிருக்கும் நரம்பு, வெளியிலிருந்து எந்தச் செய்தியும் வராமலே தானாகச் செய்தி அனுப்பும். அறுந்த தொலைபேசிக் கம்பியில் கரகரப்புச் சத்தம் வருவது போல. எரிச்சல் இருக்கிறது என்பதால் உணர்வு இருக்கிறது என்று ஆகாது. எரிகிற காலிலும் முள் ஏறினால் தெரியாமல் போகலாம். எரிச்சலுக்கு மருந்து உண்டு. அதைச் சாப்பிட்டுத் தூக்கம் வந்தது என்பதற்காகப் பாதத்தைப் பார்ப்பதை நிறுத்திவிடக் கூடாது. எரிச்சல் வந்தவர்களாவது மருத்துவரிடம் வருகிறார்கள். எனக்குக் கவலை, எதுவுமே சொல்லாமல் போகிறவர்களைப் பற்றித்தான்.

சர்க்கரை இருக்கிறது, காலில் உணர்வும் இல்லை என்றவுடன் பழியைச் சர்க்கரைமேல் போட்டுவிடவும் கூடாது. மெட்ஃபார்மின் மாத்திரையை ஆண்டுக்கணக்கில் சாப்பிடுவோரில் சிலருக்கு பி12 வைட்டமின் குறையும். அதுவும் இதே போன்ற மதமதப்பைத் தரும். ஊசியாலோ மாத்திரையாலோ அதைச் சரிசெய்துவிடலாம். மது, தைராய்டு குறைபாடு, சிறுநீரகச் செயலிழப்பு, காசநோய்க்கான சில மருந்துகள் ஆகியவையும் காரணமாகலாம். ஒரு கால் மட்டும் மரத்துப்போனால், அல்லது தோலில் வெளிறிய தேமல் இருந்து அதில் தொடு உணர்வு இல்லையென்றால், தொழுநோயை நினைக்க வேண்டும். அது இன்னும் நம் ஊரை விட்டுப் போய்விடவில்லை. உங்கள் மாணவர் தோலிலும் அப்படி ஒரு தேமலை நீங்கள்தான் முதலில் பார்க்க நேரலாம். மருந்து இலவசம், முழுமையாகக் குணமாகும்.

இப்போது கருவி எதுவும் இல்லாமல் வீட்டில் செய்யக்கூடிய ஒன்று. இங்கிலாந்தில் இப்ஸ்விச் நகர மருத்துவர்கள் 2011-ல் வெளியிட்டது. இப்ஸ்விச் தொடுசோதனை என்று பெயர். செலவு ஒரு பைசா இல்லை. உங்கள் கணவரையோ மனைவியையோ அப்பா அம்மாவையோ படுக்க வைத்துக் கண்ணை மூடச் சொல்லுங்கள். முதலில் இரண்டு கால்களையும் தொட்டு, எது வலது, எது இடது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பிறகு ஆள்காட்டி விரல் நுனியால் மிக மெதுவாக, ஓரிரு விநாடி, ஆறு விரல்களைத் தொட வேண்டும்: வலது பெருவிரல், வலது சுண்டுவிரல், இடது பெருவிரல், இடது சுண்டுவிரல், வலது நடுவிரல், இடது நடுவிரல். தொட்டது தெரிந்ததும் அவர் "வலது" அல்லது "இடது" என்று சொல்ல வேண்டும். சொல்லவில்லையென்றால் தெரியவில்லை என்று குறித்துக்கொண்டு அடுத்த விரலுக்குப் போங்கள். திரும்பத் தொடக் கூடாது. அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது, வருடக் கூடாது. மறுதேர்வு இதில் கிடையாது. ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தவறினால் உணர்வு குறைந்திருக்கிறது. மருத்துவரிடம் முறையாகச் சோதித்துக்கொள்ள வேண்டும். எல்லாம் சரியாக இருந்தாலும் மருத்துவர் செய்யும் ஆண்டுச் சோதனைக்கு இது மாற்று அல்ல.

எப்போது சோதிக்க வேண்டும்? வயது வந்தோருக்கு வரும் இரண்டாம் வகை நீரிழிவு பல ஆண்டுகள் தெரியாமலே இருந்திருக்கும். ஆகவே நோய் கண்ட அன்றே, பிறகு ஆண்டுக்கு ஒருமுறையாவது. குழந்தைப் பருவத்தில் வரும் முதல் வகைக்கு, நோய் வந்து ஐந்து ஆண்டுகள் கழித்துத் தொடங்கினால் போதும். உணர்வு போய்விட்டது என்று தெரிந்தால் ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் மறுபடி. கூடவே விரல் வளைவோ ரத்த ஓட்டக் குறைவோ இருந்தால் மூன்று முதல் ஆறு மாதங்களுக்குள். ஏற்கெனவே புண் வந்தவர்களோ விரல் இழந்தவர்களோ என்றால் ஒன்று முதல் மூன்று மாதங்களுக்குள். நம் தலைமையாசிரியர் இப்போது இந்தக் கடைசி வகுப்பில் இருக்கிறார்.

"போன உணர்வைத் திரும்பக் கொண்டுவர மருந்து இருக்கிறதா?" என்று எல்லோரும் கேட்பார்கள். நீரிழிவால் இழந்த உணர்வை மீட்கும் மருந்து இன்றுவரை இல்லை. சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் மேலும் போவது குறையும். நரம்புச் சத்து மாத்திரை என்று வண்ண வண்ணமாக வாங்கி விழுங்குகிறோம். பி12 உண்மையிலேயே குறைந்திருந்தால் தவிர அதனால் பெரிய பயனை நான் கண்டதில்லை. அப்படியானால் சோதித்து என்ன பயன்? பயன் இருக்கிறது. பாதம் செய்துவந்த காவலை இனிக் கண் செய்ய வேண்டும் என்று அன்றைக்குத் தெரிந்துவிடுகிறது. அந்தத் தலைமையாசிரியருக்கு ஐந்து ஆண்டுகள் முன்பே நான் அதைச் சொல்லியிருந்தால், மாலை வீட்டுக்குப் போனதும் பாதத்தைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் வந்திருக்கும். பின் ஏறிய அன்றே என்னிடம் வந்திருப்பார்.

உணர்வு குறைந்தவர்கள் தினமும் ஒருமுறை உள்ளங்காலையும் விரல் இடுக்குகளையும் பார்க்க வேண்டும். குனிய முடியாவிட்டால் தரையில் ஒரு கண்ணாடியை வைத்துப் பாருங்கள். பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொன்னால் இன்னும் நல்லது. செருப்பைக் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கையைவிட்டுத் தடவிய பிறகு போடுங்கள். காலில் இருந்து செருப்பு கழன்று விழுந்தது தெரியாமலே நாலடி நடந்திருக்கிறீர்களா? அதுவே ஓர் அறிகுறி. பின்பக்கம் வார் உள்ள செருப்பு தேவை. மெட்டி அணிந்தவர்கள் அதற்கடியில் தோல் வெட்டுப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். காய்ப்பை பிளேடால் சீவாதீர்கள். வெந்நீரில் கால் வைப்பதற்கு முன் முழங்கையை விட்டுப் பாருங்கள். மரத்துப்போன காலுக்கு ஒத்தடம் வேண்டாம்.

கோயிலுக்குப் போவதில் சிக்கல் இருக்கிறது. சொல்லாமல் இருக்க முடியாது. சித்திரை வெயிலில் உச்சிவேளையில் பிரகாரக் கருங்கல்லில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, இரண்டு உள்ளங்காலும் கொப்பளித்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குச் சூடு தெரியவில்லை. காலையிலோ மாலையிலோ போங்கள். பேருந்தில் எஞ்சினுக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து நெடுந்தூரம் போகும்போது பாதம் சூடான தகட்டின்மேல் இருக்கிறதா என்று பாருங்கள்.

காலணி பற்றி இன்னொன்று. உணர்வற்ற பாதத்துக்கென்று மென்மையான நுண்ணறை ரப்பர் செருப்பு, எம்சிஆர் என்பார்கள், நம் மாநிலத்தில் தொழுநோயாளிகளுக்காகவே பல காலம் பயன்பட்டு வந்தது. அதனால் அதைப் போடச் சொன்னால் பலர் முகம் சுளிப்பார்கள். "ஸ்டாஃப் ரூம்ல என்ன நெனப்பாங்க சார்?" என்று ஓர் ஆசிரியர் என்னிடம் கேட்டார். அவர் அதை வாங்கி வீட்டிலேயே வைத்துவிட்டு, பள்ளிக்குப் பழைய செருப்பிலேயே போனார். இந்த விஷயத்தில் மருத்துவரைவிட உடன் வேலை செய்கிறவர்களால்தான் உதவ முடியும். இப்போது அதே ரப்பரில் சாதாரணச் செருப்பு போலத் தெரியும் வடிவங்களும் கிடைக்கின்றன. ஆனாலும் யாராவது வித்தியாசமான செருப்பு போட்டு வந்தால் "என்ன சார் இது?" என்று கேட்பதை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

என் நேரம் முடிந்துவிட்டது என்று ஒருங்கிணைப்பாளர் சைகை காட்டுகிறார். அரங்குக்கு வெளியே வராந்தாவில் மூன்று மேசைகள் போட்டிருக்கிறோம். இரண்டு செவிலியர்களும் நானும் இருப்போம். இழைகள் நிறைய கொண்டுவந்திருக்கிறோம். ஒவ்வொன்றுக்கும் பத்துப் பேர்தான். சர்க்கரை உள்ளவர்கள் முதலில் வாருங்கள். வரிசையில் நிற்கும்போதே செருப்பையும் சாக்ஸையும் கழற்றிவிடுங்கள். கண்ணை மூடச் சொன்னால் தயவுசெய்து மூடுங்கள்.